மாத்திரைக்கு ஒரு நேரம் உண்டு: மருத்துவமனை நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டு மருத்துவமனைகளின் நிர்வாகிகளுக்கும், செவிலியர் கண்காணிப்பாளர்களுக்கும், மக்கள் நல்வாழ்வுத் துறை அதிகாரிகளுக்கும்,

“உள்நோயாளிகள் அனைவருக்கும் மருந்து வழங்கும் நேரம் ஒரே சீராகக் கடைப்பிடிக்கப்படுகிறது. தங்கள் தந்தையார் விஷயத்தில் விதிமீறல் ஏதும் இல்லை. வெளி மருந்துகளை நோயாளியிடமோ உடனிருப்பவரிடமோ விட்டுவைக்க விதிகளில் இடமில்லை.”

பார்க்கின்சன் நோயாளியான என் அப்பாவுக்கு வார்டில் மாத்திரையை உரிய நேரத்தில் கொடுக்கவில்லை என்ற என் புகாருக்கு ஒரு மருத்துவமனை நிர்வாகத்திடமிருந்து வந்த பதிலில் இருப்பவை இந்த மூன்று வரிகள்தாம். கீழே முத்திரை, அதன்மேல் ஒரு கையொப்பம். மருத்துவமனையின் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் ஏதோ ஓர் இடத்தில் நடந்த கோளாறு என்று மற்றவர்கள் எல்லாரும் தள்ளி உட்கார்ந்துவிடுவீர்கள். மருந்து நேரம் பற்றிய இதே பதில் வேறு ஊர்களில், வேறு குடும்பங்களுக்கும் வாய்மொழியாகச் சொல்லப்பட்டிருக்கிறது. எனக்கு எழுத்தில் கிடைத்தது, அவ்வளவுதான். ஆகவே உங்கள் எல்லாருக்கும் எழுதுகிறேன்.

அப்பா மன்னார்குடியில் தையல்கடை வைத்திருந்தவர். பார்க்கின்சன் நோயை எங்களுக்கு முதலில் காட்டிக்கொடுத்தது அவருடைய அளவு நோட்டு. தோள், மார்பு, கைநீளம் என்று எழுதும் எண்கள் பக்கத்தின் மேலே ஒழுங்காகத் தொடங்கி, கீழே போகப்போகச் சிறுத்து, கடைசி வரியில் 3 எது 8 எது என்று துணி வெட்டும் பையனுக்குப் புரியாமல் போயிற்று. பிறகுதான் வலக்கை நடுங்கத் தொடங்கியது. ஆனால் அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே மல்லிகைப்பூவில் வாசனையே இல்லை என்று பூக்காரியிடம் குறைபட்டுக்கொண்டிருந்தார். தூக்கத்தில் கத்துவார், கையை வீசுவார். பக்கத்தில் படுத்திருந்த அம்மாவுக்கு ஒருமுறை உதடு வீங்கிவிட்டது. மலச்சிக்கலுக்குச் செய்யாத கைவைத்தியம் இல்லை. முகர்வு நரம்பு, குடலைச் சுற்றிய நரம்புகள், தூக்கத்தை ஆளும் மூளைத்தண்டு என்று நோய் உடலில் நடமாடிவிட்டுத்தான் கைக்கு வருகிறது என்பதை நரம்பியல் மருத்துவர் விளக்கியபோது, அம்மா பழையவற்றை ஒவ்வொன்றாக நினைவுகூர்ந்தார்.

நீங்கள் மருத்துவம் தெரிந்தவர்கள். இருந்தாலும் இதைச் சொல்லித்தான் ஆகவேண்டும், ஏனென்றால் எங்கள் வார்டில் யாரும் இதை அறிந்ததாகத் தெரியவில்லை. நடுமூளையில் சப்ஸ்டான்ஷியா நைக்ரா என்றொரு கரிய பகுதி இருக்கிறது. அங்குள்ள நரம்பணுக்கள் டோபமைன் என்ற, செய்தி கடத்தும் வேதிப்பொருளை உண்டாக்கி, அசைவுகளை ஒழுங்குசெய்யும் ஸ்டிரையேட்டம் பகுதிக்கு அனுப்புகின்றன. பார்க்கின்சன் நோயில் ஆல்ஃபா சைனுக்ளின் என்ற புரதம் மடிப்புக் குலைந்து அணுக்களுக்குள் திரள்கிறது. அணுக்கள் படிப்படியாக மடிகின்றன. கை நடுங்கும்போது, நடை குறுகும்போது, அந்தப் பகுதியின் டோபமைன் அணுக்களில் ஏறத்தாழப் பாதி ஏற்கெனவே போயிருக்கும். போனவற்றைத் திரும்பக் கொண்டுவரும் மருந்து இன்றுவரை இல்லை.

ஏன் வந்தது என்று ஊரில் கேட்காதவர்கள் இல்லை. மிஷினை மிதித்து மிதித்து நரம்பு தளர்ந்துவிட்டது என்றார் ஒருவர். யாரோ கண்ணேறு என்றார்கள். பெரும்பாலானவர்களுக்கு ஒற்றைக் காரணம் சொல்ல முடிவதில்லை. வயது முதல் காரணம். சிலரிடம் எல்.ஆர்.ஆர்.கே.2, ஜி.பி.ஏ. போன்ற மரபணுக்களின் மாற்றம் இருக்கிறது. பாராகுவாட், ரோட்டினோன் போன்ற பூச்சி, களைக்கொல்லிகளோடு நீண்டநாள் பழகியவர்களிடம் நோய் கூடுதலாகக் காணப்படுவதை ஆய்வுகள் காட்டுகின்றன. 1982இல் கலிஃபோர்னியாவில் கள்ளத்தனமாகத் தயாரித்த போதை மருந்தில் எம்.பி.டி.பி. என்ற நஞ்சு கலந்துபோக, அதை ஊசியில் ஏற்றிக்கொண்ட இளைஞர்கள் சில நாள்களிலேயே அசைவற்று உறைந்தார்கள். அதே கரிய பகுதியைத்தான் அந்த நஞ்சு அழித்திருந்தது. அப்பாவுக்கு எது காரணம் என்று எங்களுக்குத் தெரியப்போவதில்லை. அதில் எனக்கு உங்கள்மேல் வழக்கு எதுவும் இல்லை. என் வழக்கு மாத்திரையைப் பற்றியது.

மாடியில் தொட்டி உள்ள வீட்டுக்கு நகராட்சித் தண்ணீர் காலையில் வந்தால் என்ன, மாலையில் வந்தால் என்ன? தொட்டி இல்லாத வீட்டில், குழாயில் வரும்போது பிடித்தால்தான் உண்டு. நோயின் தொடக்க ஆண்டுகளில் எஞ்சிய நரம்பணுக்கள் அந்தத் தொட்டியின் வேலையைச் செய்கின்றன. இந்த நோய்க்கு முதன்மையாகக் கொடுக்கும் லெவோடோபா மாத்திரையை டோபமைனாக மாற்றிச் சேமித்து, சிறுகச் சிறுக விடுகின்றன. அப்போது மூன்று வேளை மாத்திரை போதும். ஒரு மணி நேரம் தள்ளிப்போனாலும் பெரிதாகத் தெரியாது. ஆண்டுகள் செல்லச் செல்ல அணுக்கள் குறைந்து தொட்டி வற்றுகிறது. பிறகு இரத்தத்தில் மருந்து இருக்கும் வரைதான் அசைவு. மூளையை அடையும் முன்பே மருந்து வீணாகாமல் காக்கும் கார்பிடோபாவோடு சேர்த்துக் கொடுத்தாலும் லெவோடோபாவின் அளவு இரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறக்குறைய ஒன்றரை மணி நேரமே ஆகிறது. எனவேதான் அப்பாவின் சீட்டில் மருத்துவர் காலை 6, 9.30, பகல் 1, மாலை 4.30, இரவு 8 என்று ஐந்து நேரங்களை எழுதி, ‘சாப்பாட்டுக்கு அரை மணி முன்’ என்று அடிக்கோடும் இட்டிருந்தார். வீட்டில் அந்த நேரங்களைச் சார்ந்துதான் குளியல், சாப்பாடு, தேநீர்க்கடை நடை எல்லாம்.

கொல்லைப்புறத்தில் விழுந்து தொடை எலும்பு முறிந்தது. சேர்த்தது எலும்பு முறிவு வார்டில். அங்கே மருந்து வண்டி வரும் நேரங்கள் மூன்று: காலை 8, மதியம் 2, இரவு 8. எந்த நோயாளியின் மருந்தும் 1-1-1, 1-0-1 என்ற வாய்பாட்டுக்குள் வந்தாக வேண்டும். பணியிலிருந்த இளம் மருத்துவர் எங்கள் சீட்டிலிருந்த ஐந்து நேரங்களையும் பார்த்தார். பார்த்துவிட்டு கேஸ் ஷீட்டில் 1-1-1 என்று எழுதினார். வீட்டிலிருந்து கொண்டுபோன மாத்திரை அட்டைகளை வாங்கி, பிளாஸ்டிக் பையில் போட்டு, படுக்கை எண் எழுதி, வண்டியின் இழுப்பறையில் வைத்துப் பூட்டினார்கள். அவை தீர்ந்தபோது மருத்துவமனை மருந்தகத்திலிருந்து வந்தது மெதுவாகக் கரையும் வகை. “பெயர் ஒன்றுதானே அம்மா” என்றார்கள். பெயர் ஒன்றுதான். வேலை செய்யத் தொடங்கும் நேரம் வேறு, உடலில் சேரும் அளவு வேறு.

மாத்திரை தவறிய காலையில் நடந்தது இது. பத்து மணிக்குக் குரல் இறங்கியது. பதினொரு மணிக்குக் கண் சிமிட்டுவது அரிதாயிற்று. போர்வையின் ஓரத்தைப் பிடித்திருந்த விரல்கள் பிடித்தபடியே இறுகிவிட்டன. நான் சுண்டுவிரலில் தொடங்கி ஒவ்வொன்றாக விடுவித்தேன், கட்டைவிரல் மட்டும் வரவில்லை. தண்ணீர் கேட்கிறார் என்று உதட்டருகே காதை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன். ஊட்டிய தண்ணீரில் பாதி கடைவாய் வழியாகத் தலையணையில் இறங்கியது. அந்த நேரம் பார்த்து வந்த பிசியோதெரபி பயிற்சியாளர் காலை அசைக்கச் சொன்னார். அசையவில்லை. கேஸ் ஷீட்டில் ‘நோயாளி ஒத்துழைக்கவில்லை’ என்று எழுதிவிட்டுப் போனார். வண்டி இரண்டு மணிக்கு வந்தது. அதுவும் சாப்பாட்டுக்குப் பிறகு. முட்டையும் புரதப்பொடி கலந்த பாலும் கொடுத்த கையோடு. புரதத்திலிருந்து வரும் அமினோ அமிலங்களும் லெவோடோபாவும் குடலிலும், மூளைக்குள் நுழையும் வாசலிலும் ஒரே வழிக்குப் போட்டியிடுகின்றன. உணவியல் பிரிவு நல்லதைத்தான் செய்தது, மருந்து வேலை செய்யாத நேரத்தில்.

அறுவை சிகிச்சை நாளில் நள்ளிரவு முதல் வாயில் ஒன்றும் கொடுக்கக் கூடாது என்றார்கள். பட்டியலில் அப்பா கடைசி. முறை வந்தது மாலையில். ஒரு மடக்குத் தண்ணீரோடு மாத்திரை கொடுக்கலாமா என்று கேட்டேன். மயக்க மருத்துவரைக் கேட்க வேண்டும் என்றார்கள். கேட்க யாரும் போகவில்லை. தெளிந்த திரவத்தை மயக்க மருந்துக்கு இரண்டு மணி நேரம் முன்புவரை அனுமதிப்பது இன்று பல நாடுகளில் நடைமுறையில் இருப்பது. காலை வேளை மாத்திரைகளுக்கு அது தாராளமாகப் போதும்.

சிகிச்சை முடிந்த இரவு வாந்தி. மெட்டோகுளோப்ரமைடு ஊசி போட்டார்கள். மறுநாள் இரவு இல்லாத ஆள்களை அப்பா கூப்பிட்டார், சிறுநீர்க் குழாயைப் பிடித்து இழுத்தார். ஹாலோபெரிடால் கொடுத்து, மணிக்கட்டுகளைக் காஸ் துணியால் கட்டில் கம்பியோடு கட்டினார்கள். இரண்டு மருந்துகளுமே மூளையில் டோபமைன் அமரவேண்டிய இடங்களை அடைப்பவை. டோபமைன் பற்றாமல் தவிக்கும் ஒருவருக்கு, இருக்கிற கொஞ்சத்தையும் சேரவிடாமல் செய்பவை. பார்க்கின்சன் நோயாளிகளுக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகளின் பட்டியலில் இவை முன்வரிசையில் இருக்கின்றன. கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் ‘பார்க்கின்சன் நோய்’ என்று எழுதியிருந்தது. நானே பார்த்தேன்.

பிறகு காய்ச்சல், நெஞ்சில் சளி. விழுங்குவது சரியில்லாததால் நுரையீரலுக்குள் இறங்கியது என்றார்கள். எங்கள் வற்புறுத்தலுக்குப் பின் வந்து பார்த்த நரம்பியல் மருத்துவர் அந்த இரண்டு மருந்துகளையும் நிறுத்தினார், மூக்குக் குழாய் வழியாக லெவோடோபாவைப் பழைய ஐந்து நேரங்களுக்கே கொடுக்கச் சொன்னார். மெல்ல மெல்லத் திரும்பினார், முழுதாக அல்ல. விழுவதற்கு முந்தின நாள் ஊன்றுகோலோடு தேநீர்க்கடைவரை போய்வந்தவரை இன்று இரவில் இரண்டு பேர் புரட்டிப் படுக்கவைக்கிறோம். எல்லாவற்றுக்கும் மாத்திரைதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. வயது இருக்கிறது, முறிவு இருக்கிறது, மயக்க மருந்து இருக்கிறது. அவற்றை யாராலும் தடுத்திருக்க முடியாது. மாத்திரையைத் தடுத்தது மட்டும் உங்கள் கால அட்டவணை.

லெவோடோபாவை திடீரென்று நிறுத்தினால் கடும் காய்ச்சலும் தசை இறுக்கமும் நினைவு தடுமாற்றமும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம் என்பது மருத்துவப் பாடநூல்களில் இருப்பது. டோபமைன் வற்றினால் உயிர் எப்படி உறையும் என்பதும் புதிய செய்தி அல்ல. சர்ப்பகந்தா வேரிலிருந்து எடுத்த ரெசர்பின் கொடுத்து அசைவிழக்கச் செய்த முயல்களுக்கு, ஸ்வீடன் விஞ்ஞானி ஆர்விட் கார்ல்சனின் குழுவினர் 1957இல் உடலில் டோபமைனாக மாறும் டோபாவைச் செலுத்தினார்கள்; முயல்கள் எழுந்து நடமாடின. அந்த வழியில் செய்த பணிகளுக்காக 2000இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1961இல் வியன்னாவில் நோயாளிகளுக்கே லெவோடோபா ஊசி போட்டுப் பார்த்தார்கள். படுக்கையில் எழ முடியாதவர்கள் நடந்தார்கள், மருந்தின் வேகம் இறங்கியதும் மீண்டும் படுத்தார்கள். மருந்து இறங்கினால் நோயாளி இறங்குவார் என்பது அன்றைக்கே கண்டது. நம் ஊர்க் கணக்கும் ஒன்று உண்டு. பூனைக்காலி விதையிலிருந்து லெவோடோபாவை 1937இல் பிரித்தெடுத்தவர்கள் சென்னையில் பல்கலைக்கழக ஆய்வகத்தில் இருந்த தாமோதரன், ராமசாமி இருவரும்தான். (விதையைப் பொடி செய்து தின்னக் கிளம்ப வேண்டாம், அளவு தெரியாமல் தின்றால் ஆபத்து. உறவினர் ஒருவரை நான் தடுக்க வேண்டியிருந்தது.)

‘ஒரே சீராக’ என்று பதில் எழுதியவரிடம் ஒன்று கேட்கிறேன். அடுத்த படுக்கைக்காரருக்கு இன்சுலின் ஊசி சாப்பாட்டுக்கு முன்னால் போட்டீர்கள். எதிர்ப்படுக்கைக்கு ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆன்டிபயாடிக் ஏற்றினீர்கள், நள்ளிரவிலும். அங்கெல்லாம் 8-2-8 விதி எங்கே போயிற்று? நேரத்துக்குக் கொடுக்க வேண்டிய மருந்தை நேரத்துக்குக் கொடுக்க உங்களுக்குத் தெரியும். இந்த மருந்தும் அந்த வகை என்பதைத்தான் நீங்கள் ஏற்கவில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தன் அட்டவணையிலேயே பார்க்கின்சன் நோயைச் சேர்த்திருக்கிறது. ஒருவரின் குறைபாட்டுக்கு ஏற்ப நியாயமான மாற்றம் செய்துதருவது சலுகை ஆகாது என்பது அந்தச் சட்டத்தின் அடிப்படை.

பிரிட்டனிலும் இதே சிக்கல் இருந்தது. அங்கே நோயாளிகளின் அமைப்பு, நேரத்துக்கு மருந்து கேட்டு 2006 முதல் இயக்கம் நடத்திவருகிறது. மருத்துவமனையிலோ காப்பகத்திலோ இருக்கும் பார்க்கின்சன் நோயாளி, தமக்கென எழுதிய நேரத்திலிருந்து 30 நிமிடத்துக்குள் லெவோடோபா எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதை சிகிச்சை நெறிமுறைகளை வகுக்கும் நைஸ் என்ற அந்நாட்டு அமைப்பு 2018இல் தர அளவுகோலாகவே எழுதிவைத்தது. அங்கேயும் தவறுகிறது. ஆனால் தவறும்போது அதைத் தவறு என்று சொல்ல ஓர் அளவுகோல் இருக்கிறது. எனக்கு வந்ததோ ‘விதிமீறல் ஏதும் இல்லை’ என்ற பதில். அது உண்மைதான், மீறுவதற்கு உங்களிடம் விதியே இல்லை.

செவிலியர்களைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. அந்த வார்டில் இரவில் அத்தனை படுக்கைகளுக்கும் ஒரே சிஸ்டர் ஓடிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். அவர்களில் ஒருவர், நரம்பியல் மருத்துவர் சொல்லிப்போன பிறகு, தம் கைப்பேசியில் ஐந்து நேரத்துக்கும் அலாரம் வைத்துக்கொண்டார். பணி மாறும்போது அடுத்தவரிடம் சொல்லிவிட்டுப் போனார். காலை ஆறு மணிக்கு, கண்ணில் தூக்கத்தோடு, மாத்திரையைக் கரைத்த சிரிஞ்சோடு வந்து நின்றவர் அவர்தான். செலவில்லை, கருவி இல்லை, புதிய பணியிடம் இல்லை. அவர் சொந்த விருப்பத்தில் செய்ததை நீங்கள் உத்தரவாகப் போட்டிருந்தால் நான் இந்த மடலை எழுதியிருக்க மாட்டேன்.

ஆகவே, நான் கேட்பவை.

மருத்துவமனை நிர்வாகங்கள்: பார்க்கின்சன் நோயாளி எந்தக் காரணத்துக்காகச் சேர்ந்தாலும், அவர் வீட்டில் மாத்திரை எடுக்கும் கடிகார நேரங்களைச் சேர்க்கும்போதே கேட்டு, அதே நேரங்களைக் கேஸ் ஷீட்டில் எழுதுங்கள். 1-1-1 என்று மாற்றி எழுதுவதைத் தடைசெய்யுங்கள். குறித்த நேரத்திலிருந்து 30 நிமிடத்துக்குள் கொடுப்பதை உங்கள் விதியாக்குங்கள். தவறினால் காரணத்தைப் பதிவுசெய்யுங்கள்.

ஆள் பற்றாது என்றால், நினைவு தெளிவாக உள்ள நோயாளியிடமோ உடனிருப்பவரிடமோ மாத்திரையை ஒப்படைத்து, கொடுத்த நேரத்தை அவர்களையே குறித்துக் கையெழுத்திடச் செய்யுங்கள். விதியில் இடமில்லை என்று எனக்கு எழுதினீர்கள். விதியை எழுதியவர்கள் நீங்கள்தான். திருத்தவும் உங்களால் முடியும்.

அறுவை சிகிச்சை என்றால் இவர்களைப் பட்டியலில் முதலில் வையுங்கள். விழுங்க முடியாதவருக்கு மூக்குக் குழாய் வழியாகவோ வேறு வடிவிலோ மருந்து தொடர வேண்டும் என்பதை மயக்க மருத்துவரும் நரம்பியல் மருத்துவரும் முந்தின நாளே பேசி எழுதிவைக்கட்டும். மெதுவாகக் கரையும் வகையையும் சாதாரண வகையையும் மருந்தகம் தன் விருப்பப்படி மாற்றக் கூடாது.

மெட்டோகுளோப்ரமைடு, ஹாலோபெரிடால் போன்ற மருந்துகளின் பெயர்களைச் சிவப்பு மையில், ‘கொடுக்க வேண்டாம்’ என்று, கேஸ் ஷீட்டின் மேலட்டையில் ஒட்டுங்கள். வாந்திக்கும் இரவுக் குழப்பத்துக்கும் மாற்று மருந்து எது என்பதையும் அதிலேயே அச்சிடுங்கள். நள்ளிரவுப் பணியில் இருக்கும் பயிற்சி மருத்துவருக்கு அப்போதுதான் அது உதவும்.

மக்கள் நல்வாழ்வுத் துறை: மேற்கண்டவற்றை அரசு, தனியார் மருத்துவமனைகள் அனைத்துக்கும் சுற்றறிக்கையாக அனுப்புங்கள். செவிலியர் பயிற்சிகளில் ஒரு வகுப்பாவது இதற்கு ஒதுக்குங்கள். லெவோடோபா, கார்பிடோபா கூட்டு மாத்திரை 2022இன் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது. சாதாரண வகை வட்ட மருத்துவமனைகள் வரை தட்டுப்பாடில்லாமல் இருக்கச் செய்யுங்கள். 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் வீட்டுக்கே மாத்திரை வருகிறது. நடக்கவே முடியாத பார்க்கின்சன் நோயாளிகளுக்கும் இந்த மாத்திரையை அதே பையில் கொண்டுவரச் செய்யுங்கள்.

எனக்குப் பதில் எழுதிய நிர்வாகத்துக்கு இன்னும் ஒன்று. அப்பாவின் கேஸ் ஷீட்டின் முழு நகலையும், ஒவ்வொரு வேளையும் மாத்திரை கொடுத்த நேரப் பதிவையும் கேட்டிருந்தேன். அதற்கு உங்கள் மூன்று வரிகளில் பதில் இல்லை. அனுப்பிவையுங்கள். ஐந்து நேரம் 1-1-1 ஆனது யார் முடிவால், இனி அது நடக்காமலிருக்க என்ன உத்தரவு போட்டிருக்கிறீர்கள் என்பதையும் எழுத்தில் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
பார்க்கின்சன் நோயாளி ஒருவரின் மகள்,
மன்னார்குடி